பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு பாராட்டுரை

புதுச்சேரியின் இந்தப் பெருமைக்கு வேறு யாரும் பங்கு கேட்டு வர முடியாது. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கியது. சென்னைக்கு அது மறு ஆண்டுதான் வந்தது. படிப்பை விட்டு நின்றவரும் வேலைக்குத் தகுதி பெற வேண்டும், என்ன கற்பிப்பது என்பதை அந்த வட்டாரத்துத் தொழிலைப் பார்த்து வகுக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் கரு. அந்தக் கல்லூரி இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டரில் மேட்டுப்பாளையம். நீலகிரி ரயில் புறப்படும் ஊர் இல்லை, அரசு நிறுவனமான பிப்டிக்கின் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற நம்ம ஊர் மேட்டுப்பாளையம். வட்டாரத் தொழில் எதுவென்று இங்கே யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

நான் புகழ வந்தது ஏதோ ஒரு கல்லூரியை அல்ல. நாடு முழுவதும் தொழிற்படிப்புகளுக்குப் பாடம் வகுக்கும் பாடத்திட்டக் குழுப் பெரியவர்களை.

முதலில் உங்கள் கையிலுள்ள விதிகள். பல்கலைக்கழக மானியக் குழு தந்த இந்த விதிகளைவிட நல்லதாக எழுதுவது கடினம். பி.வோக். என்னும் இளங்கலைத் தொழிற்படிப்பில் ஆண்டுக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில்திறனுக்கு, 24 பொதுக்கல்விக்கு. ஓராண்டு முடித்தவர் டிப்ளமோவோடு வேலைக்குப் போகலாம், இரண்டாண்டில் உயர்நிலை டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். குடும்பத்துக்காகப் பாதியில் நிற்க நேர்ந்த பிள்ளையும் வெறுங்கையோடு போக மாட்டாள். பாடம் வகுக்கும் மேசையில் தொழில்துறைக்காரருக்கும் நாற்காலி உண்டு. எல்லாம் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு உரியவர் வர முடியாதபோது கூட்டத்தைத் தள்ளிப்போடாமல், தீர்மானம் எழுதி, பின்னால் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளும் உங்கள் சுறுசுறுப்பும் இருக்கிறது.

வகுப்பறைக்கு நீங்கள் காட்டும் மரியாதையையும் சொல்லியாக வேண்டும். வகுப்பிலோ கல்லூரிப் பட்டறையிலோ 15 மணி நேரம் இருந்தால் ஒரு கிரெடிட். தொழிற்சாலைக்குப் போய் நேரடிப் பயிற்சி பெற்றால் அதே கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். விதியின்படி களப்பயிற்சியின் மதிப்பு பாதி. மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கால் கடுக்க நின்று, ஆயில் படிந்த கையோடு அளவு பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு ஒரு மணி நேரம் அரை மணியாகிறது. மின்விசிறிக்கு அடியில் குறிப்பெடுப்பவனுக்கு ஒரு மணி ஒரு மணியேதான். தொழிற்கல்விக்கென்றே பிறந்த படிப்பில், உட்கார்ந்து கேட்பதற்கு இவ்வளவு உயர்ந்த இடம் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும். அந்த விதியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதாமல் காத்துவரும் உங்கள் பணிவும் பெரிது.

உங்கள் அட்டவணைகளின் அழகு தனி. பாட விளைவுகள் ஒருபுறம், படிப்பின் விளைவுகள் மறுபுறம், இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று கட்டத்துக்குக் கட்டம் 1, 2, 3 என்று மதிப்பு. ஒரு கட்டமும் காலியாக இருக்காது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்காக மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர், வேலை கொடுப்பவர் என்று நான்கு தரப்பிடமும் கருத்துப் படிவம் வாங்குகிறீர்கள், கோப்பில் ஒழுங்காகச் சேர்க்கிறீர்கள். படிவத்தில் எழுதியிருப்பது அடுத்த பாடத்திட்டத்துக்குள் நுழைந்து அதன் வடிவத்தைக் கலைத்துவிடாதபடியும் பார்த்துக்கொள்கிறீர்கள்.

உங்கள் பொறுமைக்கு ஈடே இல்லை. 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தது. லாரிகளில் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவத்துக்கான தொட்டி பரவலானது, புகையை அளக்கும் சென்சார்கள் வந்தன. இன்று கோளாறு பார்க்க மெக்கானிக் முதலில் கையில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, ஸ்கேனரை. லாரி முனையத்தில் வண்டியோடு மல்லுக்கட்டுபவர்கள் இதை ஒருவரை ஒருவர் பார்த்தும், அடிபட்டும் கற்றுக்கொண்டார்கள். துறை வரைவு, பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஒப்புதல், அடுத்த கல்வியாண்டு என்று ஒவ்வொரு படியாக நடக்கும் உங்கள் பாடம், அவசரப்பட்டு அவர்கள் முன்னால் போய் நிற்பதில்லை. அலகு ஐந்தில் ஒரு தலைப்பை ஆறாம் அலகுக்கு மாற்றி அதைத் திருத்தம் என்று பதிவுசெய்யும் நிதானம் எல்லோருக்கும் வாய்க்காது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தவருக்கு அது வாய்க்கவில்லை. அங்கே சமுதாயக் கல்லூரியின் ஒவ்வொரு தொழிற்படிப்பையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். வட்டாரத்தில் வேலைக்கு ஆள் தேவை இருக்கிறதா, பக்கத்துக் கல்லூரியின் படிப்பையே இதுவும் வீணாகத் திரும்ப நடத்துகிறதா, படித்தவர்கள் படிப்பை முடித்தார்களா, வேலைக்குப் போனார்களா என்று பார்க்கிறார்கள். தேறாத படிப்பை ஓராண்டுக்குள் மூட வேண்டும். கல் நெஞ்சம். நம்மிடம் ஒரு படிப்பு பிறந்துவிட்டால், சேருவதற்கு ஆள் இருக்கும்வரை அதை யாரும் வருத்தப்படுத்துவதில்லை. வருத்தமெல்லாம் சான்றிதழோடு வெளியே வருபவருக்கு மட்டும்தான்.

அவர் யார்? வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி பார்த்தவர். கட்டணத்துக்கு அம்மா நகையை அடகு வைத்திருப்பாள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் நின்று டிப்ளமோவை நீட்டுகிறார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி தம்பி, மெஷின் ஓட்டியிருக்கியா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உங்கள் அட்டவணையில் மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். அவரிடம் பதில் இல்லை.

பெரியவர்களே, உங்களிடம் விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, தொழில்துறைக்கான நாற்காலியும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தைக் கல்லூரிக் குளிர் அறையில் கூட்டாமல் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கூட்டுங்கள். அந்தச் சூப்பர்வைசரையும், லாரி முனையத்து மெக்கானிக் ஒருவரையும், படித்து முடித்தும் வேலை கிடைக்காத மாணவர் இருவரையும் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, வரும் கல்வியாண்டுக்குள் பாடத்தை மாற்றுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களையே திரும்பக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.