சேற்றில் புரளும் நியாயம்

கேள்வி: சிறு குடும்பப் பண்ணையில் பன்றிகளை இயற்கையாக வளர்ப்பதென்றால், அவற்றைச் சேற்றில் புரளவிடுவதுதானா?

பதில்: அதுவும் அடங்கும், வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறன் ஏறத்தாழ இல்லாத பன்றிக்குச் சேறே மின்கட்டணமில்லாத குளிரூட்டி, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பூச்சும் அதுவே. போதிய இடம் கிடைத்தால் படுக்குமிடத்தை விட்டு விலகியே கழிவிடும் இவ்விலங்கு, அழுக்கானது என்று பெயரெடுத்தது குறுகிய கொட்டிலைக் கட்டிய மனிதரால்தான். சுமார் 114 நாள் சினைக்காலத்தின் இறுதியில் தாய்ப்பன்றி மூக்கால் குழி பறித்து, வைக்கோலை வாயில் கவ்வி வந்து, குட்டி ஈனுவதற்கான கூட்டைத் தானே அமைக்கும் இயல்புடையது. உடலைத் திருப்பவும் இடமற்ற சினைக்கூண்டுகளை 1999இல் பிரிட்டன் தடைசெய்ததன் நியாயம் இதில் விளங்கும். நிழலும் வைக்கோலும் கிளற மண்ணும் கொடுத்துவிட்டால், மீதிக் கட்டட வேலையைப் பன்றியே பார்த்துக்கொள்ளும், கூலியும் கேட்காது.