சாபம் பலிக்குமா?

கேள்வி: அல்பேனியாவில் 'சபிக்கப்பட்ட மலைகள்' என்றே ஒரு மலைத்தொடர் இருக்கிறதாமே! துணிந்து ஏறலாமா?

பதில்: தாராளமாக. சாபம் முழங்காலுக்கு மட்டும்தான். அங்குள்ள வல்போனா கிராமத்திலிருந்து தேத் கிராமத்துக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி நடக்க வேண்டும். ஆறேழு மணி நேரம் ஆகும். கோடையில் போங்கள், குளிர்காலத்தில் கணவாய் பனியில் மூடிக்கிடக்கும். உச்சிச் சிகரமான யெசெர்ட்சே 2,694 மீட்டர். என்னைப் போன்றவர்கள் அதைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. விருந்தாளியைக் காப்பது வீட்டுக்காரன் கடமை என்கிறது 'கானூன்' என்னும் பழைய மலைச் சட்டம். பழிக்குப் பழி வாங்க வழிசெய்ததும் அதே சட்டம்தான்! பழிக்கு அஞ்சியவர்கள் பதுங்கிய கல் கோபுரம் தேத்தில் இன்னும் நிற்கிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் உள்ளே போய் எட்டிப் பார்க்கிறார்கள். அன்று உள்ளே போவது சுலபம். வெளியே வருவதுதான் கஷ்டம்.