கொக்கிரகுளம் பக்கம் போயிராதேயும்

வாரும் மாப்ளே, திண்ணையில ஏறி உக்காரும். ஊர்ல வயசாளிகள்லாம் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்க வேன் பேசிக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போறாவளாம். நீரு மட்டும் வரமாட்டேன்னுட்டீராமே? நல்ல காரியம் பண்ணினீரு. அதைச் சொல்லத்தான் ஆள் விட்டேன். போயிராதேயும்.

அந்த ஆபீஸ் கவுண்டர் முன்னால உம்மை எவனாவது பாத்துட்டா உம்ம மதிப்பு என்ன ஆகும்? மூணு கோட்டை விதைப்பாடு வச்சிருந்த குடும்பம். அதுல இப்ப காக்கோட்டைகூட மிஞ்சலைங்கது நமக்குள்ள கெடக்கட்டும். “ஏழைகளுக்குள்ளது எனக்கெதுக்கு”ன்னு டீக்கடையில சொன்னீராம். ஆம்பளைப் பேச்சு. மானியத்துல சொட்டுநீர்க் குழாய் வந்தப்போ சிறு விவசாயின்னு சீட்டு வாங்கிட்டு ஓடினது யாருன்னு நான் கேக்க மாட்டேன். அது வேற, இது வேற.

அட்டைக்குக் குடும்பத்து வருமானம் வருசத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணுமாம். முன்ன 72,000-ன்னு வச்சிருந்தான், பெறவு கூட்டிட்டான். உம்ம வருமானத்தை நான் சொல்லுதேன், கோவிக்காதேயும். பாட்டத்துக்கு விட்ட வயல், கொல்லையில நாலு தென்னை, பெறவு பெரியவன் மாசாமாசம் அனுப்புதேன்னு சொல்லுத பணம். சொல்லுத பணத்தை எந்த விஏஓ-வும் கணக்குல எழுத மாட்டாரு வே.

2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்தப்போ, “நான் ரெட்டை இலைக்காரன், அவன் அட்டையைத் தொடுவேனா”ன்னு சொன்னீரு. சரி, கொள்கை. 2012-ல முதலமைச்சர் விரிவான காப்பீடுன்னு பேர் மாத்தி உம்ம அம்மாவே குடுத்தாவ. அப்ப என்ன சொன்னீரு? “எனக்கு என்ன சீக்கு?” 2018-ல டெல்லி திட்டமும் இதோட சேந்து, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம்னு ஆச்சு. அதுக்கு நீரு இன்னும் ஒரு காரணமும் சொல்லல. யோசிச்சுக்கிட்டிருக்கீரு போல.

சீக்கு வந்தவனுக்கு அட்டை கிடையாதுன்னு எவனோ உம்ம காதுல ஓதியிருக்கான். காசு கட்டி வாங்குத கம்பெனி பாலிசியில அப்படி உண்டு. பழைய சீக்குக்கு இத்தனை வருசம் பொறுத்துக்கோம்பான். இதுல சக்கரை இருந்தாலும் நெஞ்சு அடைச்சிருந்தாலும் கேள்வி கிடையாது, வயசு வரம்பும் கிடையாது. நீரு அஞ்சு பைசா கட்டவும் வேண்டாம், கம்பெனிக்குச் சர்க்காரே கட்டிருது. இவ்வளவு லேசா கெடைக்கதை வாங்கினா கௌரவமா என்ன?

அட்டை இருக்குன்னு இருமலுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் அங்க போய் நிக்க முடியாது, அதையும் சொல்லிருதேன். ஆஸ்பத்திரியில படுக்கணும். பட்டியல்ல உள்ள சிகிச்சையா இருக்கணும், திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியா இருக்கணும். பிரஷர் மாத்திரைக்கு வேற ஏற்பாடு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல இருந்து ஒரு பிள்ளை வீட்டு வாசலுக்கே வந்து, கையில பட்டையைச் சுத்திப் பாத்து, மாத்திரை குடுத்துட்டுப் போகுதுல்லா? அந்த மாத்திரையை எல்லாம் தின்னாம டிரங்குப் பெட்டியில அடுக்கி வச்சிருக்கீராம். தங்கச்சி சொன்னா. அது குட்டி போடாது வே.

மூணு தாள் கேக்காவ. வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு. வருமானச் சான்று இ-சேவை மையத்துல பதிஞ்சா வந்துரும். ரேஷன் கார்டுலதான் உம்ம சாமர்த்தியம் வந்து நிக்கி. எந்தக் கார்டுல பேர் இருக்கோ அதுதான் குடும்பம். பிள்ளையள் தனித்தனியா போனப்போ நீரு என்ன பண்ணினீரு? பெரியவன் கார்டுல உம்ம பேரு, சின்னவன் கார்டுல எந்தங்கச்சி பேரு. ரெண்டு பக்கமும் அரிசி வரட்டும்னு! அம்பது வருசம் ஒரே வீட்ல இருந்துட்டு, சர்க்கார் ஏட்டுல அத்துக்கிட்டீரு. பெரியவன் சம்பளம் 1,20,000-ஐ எப்பமோ தாண்டியாச்சு. அவன் கார்டுல நீரு இருக்க வரைக்கும் அவன் வருமானந்தான் உம்ம வருமானம். அவன் பணம் உம்ம கைக்கு வராது, கணக்குக்கு மட்டும் வரும். சின்னவனுக்குச் சைக்கிள் கடை. அவன் கார்டுல இருக்கவளுக்கு அட்டை உண்டு. பாத்தீரா, அரிசியைப் பாத்து நீரு போட்ட திட்டத்துல அவ கரையேறிட்டா.

எழுபது தாண்டினவங்களுக்கு வருமானமே பாக்கவேண்டாம்னு 2024 அக்டோபர்ல மத்திய சர்க்கார் ஒண்ணு தொடங்கிச்சு. வய வந்தனான்னு பேரு. அதுக்கு ஆதார்ல உள்ள வயசுதான் கணக்கு. நீரு ஆதார் எடுக்கப்போ பக்கத்துல சம்பந்தி நிக்காருன்னு நாலு வயசை முழுங்கினீரே, நெனப்பு இருக்கா? ஊருக்கு 72, ஆதாருக்கு 68. இளமையா இரும் மாப்ளே, ஆரு வேண்டாம்னா?

“விழுந்த பெறவு பாத்துக்கலாம்”னு சொல்லுதீராம். பாத்துக்கலாம், அவசரத்துக்கு அப்பவும் எழுதுவாவதான். நீரு ஐசியூல குழாயைச் சொருகிக்கிட்டு ராசா மாதிரி கெடப்பீரு. இ-சேவையில டோக்கன் வாங்கி, விஏஓ-வைத் தேடி, கலெக்டர் ஆபீஸ் படியேறி நிக்கது யாரு? பிள்ளையள் லீவு போட்டு வந்து சேர ரெண்டு நாள் ஆகும். முட்டு வலிக்காரி எந்தங்கச்சிதான் நிக்கணும். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில முன்பணம் கேட்டா அவ கழுத்துல கெடக்க ரெட்டைவடத்துலதான் கைவைப்பீரு. அது எங்க அப்பா பருத்தி வித்துப் போட்டது. அப்பமே எனக்கு வயிறெரிஞ்சுது, இன்னும் முழுசா ஆறல.

கொக்கிரகுளத்துக்குப் போகையில ஆத்துக்கு மேல பாலம் வருதுல்லா, சுலோச்சன முதலியார் பாலம். 1843-ல தெறந்தது. சம்சாரத்து நகையையும் போட்டுத்தான் அந்த மனுசன் அதைக் கட்டினாருன்னு சொல்லுவாவ. இன்னைக்கும் பாலத்துல அவரு பேரு நிக்கி. நீரு நகையை வித்து நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வச்சீருன்னா பேரை எங்க எழுதுவாவ? சட்டையைக் கழத்திக் காட்டுவீரா?

ஒருவேளை புத்தி மாறினா, இதையும் கேட்டுக்கிடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திட்டத்துல இருக்கான்னு மொதல்ல கேளும். காப்பீட்டுக்குன்னே மேசை போட்டு ஒரு ஆள் இருப்பாவ. பணம் கட்டுத ஜன்னலுக்குப் போகுமுன்ன அட்டையை அவுககிட்ட நீட்டணும். அனுமதி கம்ப்யூட்டர்ல வரும். மேல பணம் கேட்டா 1800 425 3993-க்கு அடியும், காசில்லாத போன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா, “இது தர்மாஸ்பத்திரிதான, அட்டை எதுக்கு”ன்னு வக்கீல் மாதிரி நிக்காதேயும். உமக்குப் பண்ணுத வைத்தியத்துக்குள்ள காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேருது.

சரி, கெளம்புதீரா? ஒரு நிமிசம். நீரு ரோசக்காரர், உம்மகிட்டச் சொன்னா நடக்காதுன்னு எந்தங்கச்சி போன மாசமே ஒரு வேலை பாத்துட்டா. பெரியவன் போன்ல வந்த நம்பரைச் சொன்னான், இ-சேவைப் பையன் தட்டினான், உம்ம பேரு அவன் கார்டுல இருந்து நீங்கியாச்சு. சின்னவன் கார்டுல இருந்து அவளும் வெளிய வந்துட்டா. இப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே கார்டு. அரிசி கொறையுமேன்னு நீரு மொகத்தைச் சுளிக்கது தெரியுது. வருமானச் சான்றும் வந்து எங்கிட்டதான் இருக்கு.

கேமரா முன்னால உம்ம மூஞ்சிதான் வேணுமாம், அதுக்கு என் மூஞ்சி ஆகாதாம். வேன் வெள்ளன ஆறு மணிக்கு. தலைக்கு நூறு ரூவா. உம்ம நூறை அவ சுருக்குப்பையில இருந்து எடுத்து நேத்தே குடுத்துட்டா.