மச்சானுக்கு ஒரு ஸ்காபரோத் தீர்ப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

 

வட்ஸ்அப்பிலை நீ அனுப்பின நீட்டுக் குரல் பதிவைக் கேட்டன். முதல் கொஞ்சம் நீ கதைக்கிறாய். பேந்து உனக்குப் பின்னாலை நிண்டு உன்ரை மனுசி கதைக்கிறா. கடைசியிலை ரெண்டு பேரையும் தள்ளிப்போட்டு மாமி கதைக்கிறா. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்ததிலை எனக்கு விளங்கின வழக்கு இதுதான்: வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட காலி வீதியிலை காரை ஓரங்கட்டி, ஏசியையும் போட்டுவிட்டு, நாலு வயசுப் பொடியனையும் ஏழு வயசுப் பெட்டையையும் உள்ளுக்கை இருத்திப்போட்டு, நீ முருங்கைக்காய் வாங்கப் போயிருக்கிறாய். உன்ரை மனுசியின்ரை சிநேகிதி கண்டிட்டா. நீ பிளாட்டுக்கு வந்து லிப்டுக்குள்ளை ஏறமுதல் செய்தி மேல்மாடிக்குப் போட்டுது. இப்ப, "கனடாவிலை இருக்கிற மனுசனைக் கேட்பம், அவர் சொல்லுறதுதான் முடிவு" எண்டு விசயத்தை என்னட்டைத் தள்ளியிருக்கிறியள்.

வெளிநாட்டிலை இருக்கிறவனுக்குப் புத்தி கூட எண்டு நீங்கள் இன்னும் நம்புறதிலை எனக்குச் சந்தோசம். உன்ரை தங்கச்சி இந்தக் கடிதத்தைத் தோளுக்கு மேலாலை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறா. அதை விடு.

கார் வாங்கினதுக்கு முதலிலை வாழ்த்து. 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலைதான் திரும்பத் திறந்துவிட்டவங்கள். அதுக்குள்ளை ஒரு பழைய வேகன்-ஆர் காருக்குக் கொழும்பிலை என்ன விலை சொன்னாங்கள் எண்டு எனக்கும் தெரியும். மாமி சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைச்சு நசுக்கின வீடியோவையும் பார்த்தன். அப்பிடி வாங்கின காரைப் பூட்டாமல் விடமாட்டாய், அதுக்குள்ளை பிள்ளையளை விட்டிருக்கிறாய்.

இஞ்சத்தை நிலைமையைச் சொல்லுறன். ஸ்காபரோவிலை மார்க்கம் றோட்டிலை எங்கடை ஆக்களின்ரை கடையள்தான் வரிசைக்கு. உங்களுக்குப் பம்பலப்பிட்டியிலை மஜெஸ்ரிக் சிற்றி இருக்கிற மாதிரி எங்களுக்கும் இஞ்சை ஒரு மஜெஸ்ரிக் சிற்றி இருக்கு. ஒரு ஜனவரிப் பின்னேரம் இடியப்பமும் சொதியும் சம்பலும் எடுத்துக்கொண்டு வா எண்டு உன்ரை தங்கச்சி சொன்னா. கூடவே ரெண்டு பிள்ளையளும். வெளியிலை சைபருக்குக் கீழை 15.

ஒன்ராறியோவிலை பிள்ளையைச் சும்மா தூக்கிக் காருக்குள்ளை போடேலாது. 9 கிலோ வரைக்கும் பின்பக்கம் பார்த்த இருக்கை. 18 கிலோ வரைக்கும் முன்பக்கம் பார்த்த இருக்கை. அதுக்கு மேலை, எட்டு வயசாகும் வரைக்கும் அல்லது 36 கிலோ அல்லது 145 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரைக்கும் உயர்த்தி வைக்கிற இருக்கை. (மாமி 145 வருவாவோ எண்டு ஒருக்கால் அளந்து பார்.) இதிலை இன்னொரு புதினம் என்னெண்டால், மொத்தக் குளிர்ச்சட்டையோடை பிள்ளையை அந்தப் பட்டியிலை கட்டக் கூடாது. சட்டை அமத்துப்பட்டுப் பட்டி தளர்ந்துபோகுமாம். ஆனபடியால் காருக்குள்ளை சட்டையைக் கழட்டவேணும், வெளியிலை இறக்க முதல் போடவேணும்.

கடை வாசல் காரிலையிருந்து பத்தடிதான். சின்னவனின்ரை பட்டியைக் கழட்டி, ஒரு கையைச் சட்டைக்குள்ளை விட்டால் மற்றக் கை வெளியிலை வருது. சப்பாத்துக்குள்ளை காலைத் தள்ளினால் காலுறை சுருண்டு குதியிலை நிக்குது. கையுறையிலை ஒண்டு சீற்றுக்குக் கீழை. அதைத் தேடிக் குனியேக்கை மூத்தவள் சொல்லுறாள், "அப்பா, எனக்கு வோஷ்ரூம்." ஒரு மாதிரி ரெண்டையும் இழுத்துக்கொண்டு உள்ளை போனால் கடைக்காரர் பையைத் தூக்கித் தந்தார், "ஐயா, கட்டி வைச்சு எவ்வளவு நேரம்!" காசு குடுத்து முடிய, வந்த வழியே திரும்பக் கழட்டல், திரும்பக் கட்டல். வீட்டுக்கு வரேக்கை சொதி உறைஞ்சு போச்சு. இப்ப சொல்லு, பத்தடித் தூரத்துக்குப் பிள்ளையளைக் காருக்குள்ளையே விட்டிட்டு ஓடிப்போய் ஓடிவருவம் எண்டு நினைக்காத அப்பன் இருப்பானோ?

ஆனால் இஞ்சை அப்பிடி ஓடேலாது. சட்டம் ஒருபக்கம், சனம் மறுபக்கம்.

சட்டத்தை எடு. கியூபெக் மாகாணத்திலை ஏழு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் வாகனத்துக்குள்ளை விடக்கூடாது எண்டு வீதிச் சட்டத்திலை நேராவே எழுதிவைச்சிருக்கிறாங்கள். நல்லது, ஒரு கணக்குத் தெரியும். எங்கடை ஒன்ராறியோ அப்பிடி இல்லை. 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை விட்டிட்டுப் போறதெண்டால் சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான மேற்பார்வை ஏற்பாடு செய்துபோட்டுப் போகவேணும் எண்டு 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. எது நியாயம்? அதைப் பிடிபட்ட பிறகுதான் சொல்லுவாங்கள். சரி, ஏசியைப் போட்டுவிட்டுப் போவம் எண்டால், நிண்ட இடத்திலை எஞ்சினை ஒரு மணித்தியாலத்திலை ஒரு நிமிசத்துக்கு மேலை ஓடவிடக்கூடாது எண்டு ரொறன்ரோ மாநகரசபைக்குத் தனி விதி. எஞ்சினை ஓடவிட்டால் நகரசபை, நிப்பாட்டினால் பொலிஸ். எஞ்சின் ஓடுற காரிலை திறப்பும் இருக்கும். களவெடுக்கிறவன் பின்சீற்றைத் திரும்பிப் பார்த்துப்போட்டே கொண்டுபோகப் போறான்?

சனத்தின்ரை கதை இன்னும் பெரிசு. நாங்கள் கொட்டாஞ்சேனையிலை அப்பப்பா வீட்டிலை இருந்த காலம் உனக்குச் சொல்லியிருக்கிறன். செவ்வாய்க்கிழமையெண்டால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியிலை சைவம், வேதம், சிங்களம், தமிழ் எண்டு பார்க்காமல் சனம் அடைஞ்சு நிக்கும். அப்பப்பா மொறிஸ் மைனரை ஜம்பட்டா வீதிப் பக்கம் நிப்பாட்டி, எங்களை உள்ளுக்கை விட்டிட்டு மெழுகுதிரி கொளுத்தப் போவார். போனவர் ஆரையாவது கண்டு கதைச்சுக்கொண்டு நிண்டிடுவார். கண்ணாடி நாலும் கீழை. கச்சான் விக்கிற மனுசன் வந்து, "ஆற்றை பிள்ளையள்?" எண்டு கேப்பார். மெழுகுதிரி விக்கிற அம்மா சிங்களத்திலை அதையே கேப்பா. ஓட்டோக்காரர் ஒருத்தர் மேற்பார்வை. தம்பி அழத்தொடங்கினால் ஆரோ ஒரு கன்னியாஸ்திரி வந்து ரொபி குடுப்பா. ஒன்ராறியோச் சட்டம் கேக்கிற நியாயமான ஏற்பாடு எங்களுக்குச் செலவில்லாமல் கிடைச்சது.

இஞ்சையும் கண்ணுகள் இருக்கு மச்சான், இல்லையெண்டில்லை. காருக்குள்ளை பிள்ளை தனிய இருந்தால் நாலுபேர் பார்ப்பாங்கள். ஆனால் ஆரும் கண்ணாடியைத் தட்டி, "அப்பா எங்கை குஞ்சு?" எண்டு கேக்கமாட்டாங்கள். தள்ளி நிண்டு 911க்கு அடிப்பாங்கள். சின்னனிலை எங்களைப் பிள்ளை பிடிகாரன் வாறான் எண்டு வெருட்டினவை. இஞ்சை எங்கடை தாய் தேப்பன்மாருக்குத்தான் அந்தப் பயம். பிள்ளையைப் பிரிச்சுக் கொண்டுபோகக்கூடிய சிறுவர் உதவிச் சங்கம் எண்ட பேரைச் சொன்னால் ஊரிலை ஷெல்லடிக்கு அசையாத மனுசரும் குரலைத் தாழ்த்திக் கதைப்பினம்.

இந்த ஊர் வித்தியாசத்திலை மாட்டுப்பட்டது நாங்கள் மட்டுமில்லை. 1997இலை அனெற் சோரன்சன் எண்ட டென்மார்க்குத் தாய் நியூயோர்க்கிலை சாப்பாட்டுக் கடைக்கு வெளியிலை பிள்ளையைத் தள்ளுவண்டியிலை விட்டிட்டு உள்ளுக்கை இருந்து சாப்பிட்டவ. கண்ணாடியாலை பிள்ளை தெரியுது. கொப்பன்ஹேகனிலை எல்லாரும் அப்பிடித்தானாம். நியூயோர்க் பொலிஸ் தாயையும் தேப்பனையும் பிடிச்சு, பிள்ளையை வேறை ஆக்களிட்டைக் குடுத்துவிட்டது. டென்மார்க்கிலை இருக்கிற உன்ரை பெரியப்பா மகனைக் கேள், குளிரிலையும் பிள்ளையளை வெளியிலை வண்டிலுக்குள்ளை நித்திரையாக்கிற கதை சொல்லுவான்.

இனி உன்ரை மனுசியின்ரை சிநேகிதியின்ரை விசயம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின்ரை இர்வைன் வளாகத்திலை மூண்டு ஆராய்ச்சியாளர் 2016இலை ஒரு ஆய்வு வெளியிட்டவை. பிள்ளை தனிய இருக்கு, இவ்வளவு நேரம் இருக்கு, எவ்வளவு ஆபத்து எண்டு சொல்லுங்கோ எண்டு சனத்திட்டைக் கேட்டவை. பெற்றோர் போன காரணத்தை மட்டும் மாத்தி மாத்திச் சொன்னவை. தாய் விபத்திலை மயங்கிக் கிடந்தவ எண்டால் ஆபத்துக் குறைவாம். வேலைக்குப் போனவ எண்டால் கூடவாம். கள்ளக்காதலனைப் பார்க்கப் போனவ எண்டால் எல்லாத்திலும் கூடவாம். அதே பிள்ளை, அதே நேரம்! தாய் மயங்கிக் கிடந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு எப்பிடிக் கூடும்? சனத்துக்குப் பிடிக்காத காரியம் செய்தால் ஆபத்தும் பெரிசாத் தெரியுது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க இர்வைனுக்குப் போகத் தேவையில்லை. ஹம்டன் ஒழுங்கையிலை ரெண்டு அன்ரிமாரோடை ஒரு பிளேன் ரீ குடிச்சால் காணும். இன்னொண்டையும் அந்த ஆய்வு சொல்லுது: வேலைக்குப் போனது தேப்பன் எண்டால் சனம் பெரிசா ஏசேல்லை. ஆனபடியால் மச்சான், நீ ஆம்பிளை எண்டதாலைதான் செய்தி மேல்மாடியோடை நிண்டது. உன்ரை மனுசி விட்டிட்டுப் போயிருந்தால் தெகிவளை வரைக்கும் போயிருக்கும்.

இதுவரைக்கும் வாசிச்சுப்போட்டு நீ உன்ரை பக்கம் வெண்டிட்டுது எண்டு நினைச்சிருப்பாய். கொஞ்சம் பொறு.

பிள்ளை பிடிகாரனுக்குப் பயப்பிடுறதை விடு. பயப்பிடவேண்டியது வெயிலுக்கு. 2005இலை வந்த ஒரு மருத்துவ ஆய்விலை நிப்பாட்டின காருக்குள்ளை சூட்டை அளந்து பார்த்தவை. ஒரு மணித்தியாலத்திலை சராசரியா 22 பாகை செல்சியஸ் ஏறினது. அதிலை ஐஞ்சிலை நாலு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலையே ஏறினது. வெளியிலை 22 பாகை இருந்த நாளிலையும் உள்ளை 47 வந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பிரயோசனம் இல்லை. கொழும்பிலை வருசம் முழுக்க மத்தியானத்திலை 30 பாகையளவிலை வெக்கை. ஏசி நிண்டால், அல்லது சின்னவன் விளையாட்டுக்குத் திறப்பைத் திருப்பினால், கணக்கை நீயே போட்டுப் பார். சின்னப் பிள்ளையின்ரை உடம்பு பெரியாக்களின்ரையை விட மூண்டு மடங்குக்கு மேலை கெதியாச் சூடேறும்.

அமெரிக்காவிலை வருசத்துக்குச் சராசரி 37 பிள்ளையளளவிலை இப்பிடிச் சாகுதுகள். அதிலை அரைவாசிக்கு மேலை, பிள்ளை பின்சீற்றிலை நித்திரையா இருக்கிறதைப் பெற்றோர் மறந்துபோய் வேலைக்குப் போன கதை. காற்பங்கு, பிள்ளையள் தாங்களாவே பூட்டாத காருக்குள்ளை ஏறி, வெளியிலை வரத் தெரியாமல் போனது. தெரிஞ்சுகொண்டு விட்டிட்டுப் போனது மிச்சம்தான். தூரத்துக் கதையும் இல்லை. 2022 ஜூனிலை திருநெல்வேலி மாவட்டத்திலை பணகுடிக்குப் பக்கத்து லெப்பைக் குடியிருப்பிலை, வீட்டுக்குக் கிட்ட நிண்ட காருக்குள்ளை விளையாட ஏறின மூண்டு பிள்ளையள் கதவு திறக்கேலாமல் செத்துப்போச்சுதுகள். ஆரும் கடைக்குப் போகேல்லை. ஆரும் விட்டிட்டும் போகேல்லை.

இலங்கையிலை சட்டம் இல்லையெண்டும் நினைக்காதை. பொறுப்பிலை இருக்கிற 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேணுமெண்டு கவனிக்காமல் விட்டால் குற்றம் எண்டு 1995இலையே தண்டனைச் சட்டக்கோவையிலை சேர்த்தாச்சு. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ரை இலக்கம் 1929. உன்ரை மனுசியின்ரை சிநேகிதிக்கு அது மனப்பாடமாத் தெரிஞ்சிருக்கும்.

இனித் தீர்ப்பு. உன்ரை மனுசி சரி, நீ பிழை. ஆனால் பிள்ளை பிடிகாரன் வந்திடுவான் எண்டு அவ சொன்ன காரணம் பிழை. ஆரும் உன்ரை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போகப் போறதில்லை, தூக்கினாலும் அதுகளின்ரை சத்தத்துக்கு ஒரு மணித்தியாலத்திலை திருப்பிக் கொண்டுவந்து தருவான். சந்தைக்குள்ளை ரெண்டையும் கூட்டிக்கொண்டு போ. முருங்கைக்காயை எப்பிடி முறுக்கிப் பார்க்கிறது எண்டு மூத்தவளும் பழகட்டும். சின்னவன் பின்னாலை இருக்கேக்கை உன்ரை போனையோ பையையோ பின்சீற்றிலை வை, இறங்கேக்கை திரும்பிப் பார்ப்பாய். பிளாட்டுக்குக் கீழை காரை நிப்பாட்டினால் எல்லாக் கதவும் பூட்டியிருக்கோ எண்டு பார், திறப்பைப் பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலை தூக்கு. இது மூண்டும் விளையாட்டில்லை.

கடைசியா எங்கடை வீட்டு விசயம். எங்களுக்கு இஞ்சை ஒரேயொரு நியாயமான ஏற்பாடுதான் கிடக்கு: பின்சீற்றிலை ரெண்டு பிள்ளையளுக்கும் நடுவிலை மாமி. சுப்பர் விசா எடுத்தால் ஒரு தடவைக்கு ஐஞ்சு வருசம் வரைக்கும் நிக்கலாம். உங்களுக்கும் மாமி தேவை எண்டு தெரியும், ஆனால் உங்களுக்கு வெள்ளவத்தை முழுக்க ஆக்கள் இருக்கினம். அவவின்ரை பாஸ்போட் எப்ப முடியுது எண்டு பார்த்து இந்தக் கிழமைக்குள்ளை அறிவி.

இப்படிக்கு,
உன்ரை மச்சான்,
ஸ்காபரோ