எடுத்த இடத்திலேயே கொட்டும் மீன்

விழுப்புரம் மாவட்டத்தில் மணலைப் பற்றிப் பேசுவதென்றால் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். தென்பெண்ணை மணல் எப்போது, எந்தப் பக்கமாகப் போகிறது என்பது கோலியனூர் கூட்டுரோட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, மணல் அள்ளுற ஆளு அஞ்சாறு வேணும்" என்றான் என் தங்கை மகன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்திலேயே நின்றது. மீனைத்தான் சொல்கிறான் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

தங்கை வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. தளும்ப ஊற்றினால் 680 லிட்டர் பிடிக்கும். உள்ளே இரண்டு ஆஸ்கர், ஒரு விரால். ஆஸ்கர் அமேசான்காரர், ஓரடிக்கு வளருவார். விரால் நம்ம ஏரிக்காரர். மேலே வந்து காற்றைக் குடிப்பவர் என்பதால் கரன்ட் போனால் கவலைப்படாத ஒரே ஜீவன் அந்த வீட்டில் அவர்தான். எகிறிக் குதிப்பார் என்று மூடிமேல் அம்மிக்குழவியை வைத்திருக்கிறார்கள். சட்னி மிக்ஸியில் அரைபடுகிறது.

இந்த மூவரும் சாப்பிடுகிற அழகுக்கு முன், பந்தியில் இலையைத் தாண்டிச் சோறு சிந்துகிறவர் தோற்றார். இறாலைக் கடித்தால் பாதி செவுள் வழியாக வெளியே வரும், மணலில் புதையும், நாறும். அதைக் கிளற ஆள் வேண்டும் என்பதுதான் பையனின் கணக்கு.

முதலில் உள்ளூர்க் கடைக்காரர் கோரி மீனைக் காட்டினார். "சார், கிளீனிங் மீன், விட்டுட்டு மறந்துடலாம்." மறக்கலாம்தான், மறுநாள் காலையில் இருக்காது. அதைவிட மோசம், கோரியின் துடுப்பில் முள் உண்டு. பயந்தால் விறைத்துக்கொள்ளும். ஆஸ்கர் விழுங்கினால் தொண்டையில் சிக்கி, தின்றவரும் தின்னப்பட்டவரும் ஒன்றாகப் போய்ச் சேருவார்கள்.

அடுத்தது அயிரை. மணலில் புதைந்து, மணலைச் சலித்து வாழ்வதில் அதற்கு நிகர் ஏது? சமைப்பதற்கு முன் பாலில் விட்டு மணலைக் கக்க வைப்பதே அதனால்தானே. ஆனால் என் அம்மா ஒரு நியாயம் கேட்டாள்: "அயிரை விக்கிற வெலைக்கு அந்தக் கருப்பன் திங்கறதுக்கு நாம திங்கக் கூடாதா?" ஆரலும் இதே வாதத்தில் அடிபட்டது. மீன் சேர்க்கையில் நீளத்தைப் பார்த்துப் பயனில்லை. வயிற்றுக்கும் முதுகுக்கும் இடையிலான உயரத்தைப் பார்க்க வேண்டும். அயிரையும் ஆரலும் நூல் மாதிரி விரால் வாய்க்குள் போய்விடும். உள்ளங்கை அகலம் இருக்கிற மீனை விரால் முறைக்கலாம், அவ்வளவுதான்.

அப்படி அகலமாக, மணலும் அள்ளுகிற தென்னமெரிக்க மீனுக்கு ஜியோபேகஸ் என்று பெயர். ஆஸ்கருக்குச் சொந்தக்காரர். கூட்டமாக இருந்தால்தான் தைரியம். ஒன்றிரண்டாக விட்டால் ஒன்றையொன்று விரட்டும். ஹீட்டர் கேட்காது, விழுப்புரம் வெயிலே அதற்குப் போதும். சென்னைக் கொளத்தூருக்குப் போய் வாங்கி, ஆக்சிஜன் பிடித்த பாக்கெட்டோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் குனிந்து பார்த்து, "ஆறு பேரும் உயிரோடவா? அப்ப லக்கேஜா, டிக்கெட்டா?" என்றார்.

மணல்தான் கடைசித் தடை. ஊரே எம்-சாண்டுக்கு மாறிவிட்டது. இந்த மீனுக்கோ அது ஆகவே ஆகாது. கருங்கல்லை உடைத்த பொடி, ஓரமெல்லாம் கூர்; வாயில் அள்ளிச் செவுளில் விட்டால் கிழிக்கும். ஆற்றில் உருண்டு தேய்ந்த மணல்தான் வேண்டும். பழைய வீடு இடித்த ஒருவரிடம் மிச்சமிருந்த அரை மூட்டையைக் கெஞ்சி வாங்கி, சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசிப் போட்டோம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் சாக்கை வேட்டியால் மூடிக்கொண்டதை இங்கே விவரிக்க வேண்டாம்.

விட்ட அரைமணியில் வேலை ஆரம்பமானது. தலைகீழாகச் சாய்ந்து ஒரு வாய் மணலை மொள்ளும். அசை போடுவதுபோல் தாடை இரண்டு முறை அசையும். தீனி உள்ளே நிற்கும். மணல் இரண்டு செவுளிலும் மாவு சலித்ததுபோல் சன்னமாக இறங்கும். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் பார்த்தாள். "எடுத்த எடத்துலயே கொட்டுதே, இது எந்தக் கட்சி?"

சுத்தம் பண்ணும் என்று நம்பியிருந்த பையனுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. சிந்திய தீனியைப் பொறுக்குமே தவிர, கழிவை இந்த மீன் தின்னாது. போதாததற்கு இந்த ஆறின் கழிவும் சேர்ந்துகொண்டது. கிளறிய மணல் ஃபில்டருக்குள் போய் மோட்டார் கரகரத்தது. உறிஞ்சும் குழாயை மேலே தூக்கிக் கட்டினோம். வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறான். அந்தத் தண்ணீர் பாய்கிற இரண்டு தென்னையும் முன்னெப்போதும் இல்லாத பசுமையில் நிற்கின்றன.

இப்போது அரோவானா வேண்டுமாம். மூன்றடி வளரும், விராலைவிட உயரத் தாவும். தங்கை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "அது உள்ள வந்தா ஆட்டுக்கல்லையும் மேல ஏத்தணும். நீ ஏத்துறியா, உங்க மாமா ஏத்துவாரா?"