மாப்ள, அந்த பேக்கப் முளைக்குமா?

உக்காரு மாப்ள. சர்வரைக் காவல் காக்குற உத்தியோகம்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. "எல்லாம் ரெய்டுல இருக்கு மாமா, ஒரு டிஸ்க் போனா இன்னொண்ணு தாங்கும்"னு நீயும் மீசையை முறுக்குற. முறுக்கு, முறுக்கு. தூக்கக் கலக்கத்துல நீயே ஒரு டேபிளை அழிச்சிட்டேன்னு வையி. அந்த இன்னொரு டிஸ்க் என்ன செய்யும்? எசமான் சொன்னாருன்னு அதுவும் அதே நொடியில அழிச்சுட்டு நிக்கும். அம்புட்டு விசுவாசம்!

2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப் கம்பெனியில நடந்ததை நீதான் எனக்குச் சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன பாரு, அதான் எனக்குத் திக்குனுச்சு. ரெண்டாவது சர்வர்ல இருக்கிற ரெப்ளிகா பின்தங்கிப் போச்சு, அதுல உள்ள பழசைத் துடைச்சிட்டுப் புதுசா ஏத்துவோம்னு ஒரு இன்ஜினியர் உக்காந்திருக்கான். துடைச்சது மெயின் சர்வரை! ஒண்ணு ரெண்டு செகண்டுல சுதாரிச்சு நிறுத்திட்டான். அதுக்குள்ள 300 ஜிபி போயி மிச்சம் 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா, பேக்கப் போய் விழ வேண்டிய எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கப் போன புரோகிராம் 9.2. அது சத்தமில்லாம ஃபெயில் ஆகிக்கிட்டே இருந்திருக்கு. ஃபெயில் ஆச்சுன்னு மெயிலும் போட்டிருக்கு. மெயில் அசலான்னு பார்க்குற டீமார்க் சரியில்லன்னு அந்த மெயிலை வாசல்லயே திருப்பி விட்டாச்சு. பாதுகாப்புன்னா அப்படி இருக்கணும்! அஸ்யூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை டேட்டாபேஸ் சர்வருக்கு ஆன் பண்ணவேயில்ல. கடைசியில, வேற சோலிக்காக ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வச்ச ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாத்துச்சு. மீட்டு எடுக்க 18 மணி நேரம். நடுவுல உள்ள ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். ஆனா ஒண்ணு, அந்த மீட்பு வேலையை அவங்க யூடியூப்ல நேரலையா ஊருக்கே காட்டினாங்க. நீயா இருந்தா "நெட்வொர்க் பிரச்சினை"ன்னு மெயில் தட்டிட்டு மதுரைக்கு பஸ் ஏறியிருப்ப.

உன் பேக்கப்புக்குத் தினமும் பச்சை டிக் விழுதாமே, சந்தோசம். உங்க தாத்தா விதைநெல்லுல ஒரு கைப்பிடியை ஈரச்சாக்குல சுத்தி வச்சு, முளை கண்ட பிறகுதான் நாத்தங்காலுக்கே போவாரு. நீ அந்த பேக்கப்பை ஒரு தடவையாச்சும் காலி மெஷின்ல ஏத்தி ஓடுதான்னு பார்த்திருக்கியா? எத்தனை மணி நேரம் பிடிச்சுச்சுன்னு குறிச்சிருக்கியா? தொண்டையைச் செருமாத, பதில் சொல்லு.

காப்பி எங்க இருக்கு? பக்கத்து ரேக்குலயா! பலே. 2021 மார்ச் 10ல பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பர்க்குல ஓவிஎச் டேட்டா சென்டர் எரிஞ்சப்ப, சில பேருக்கு அசலும் காப்பியும் ஜோடியாச் சாம்பலாச்சு. மேர்ஸ்க் கப்பல் கம்பெனி கதை இன்னும் ருசி. யாரை உள்ள விடலாம்னு கணக்கு வச்சிருக்கிற டொமைன் கன்ட்ரோலருங்க ஒண்ணுக்கொண்ணு காப்பியா இருக்குன்னு கம்பெனிக்காரங்க நம்பி இருந்தாங்க. 2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் வந்து எல்லாத்தையும் துடைச்சிருச்சு. கானா நாட்டுல கரண்ட் போயி நெட்டுல இல்லாமக் கிடந்த ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சுச்சு. நீ என்னடான்னா யுபிஎஸ், ஜெனரேட்டர்னு வாங்கிக் குவிக்கிற. ஒரு காப்பியை வயரைப் பிடுங்கி வேற ஊர்ல வையிடான்னா மட்டும் பட்ஜெட் இல்லங்குற.

பட்ஜெட்டை உன் மேனேஜர்கிட்டப் பேசிக்க. நம்ம வீட்டு வள்ளி கல்யாண வீடியோவையும் அதே சர்வர்லதான் போட்டு வச்சிருக்கியாமே? உங்க அத்தைகிட்ட நான் இன்னும் வாயைத் திறக்கல. ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை எனக்கு மீட்டு எடுத்துக் காட்டு, பார்ப்போம்.