பூட்டும் தாகமும்

புனித வெள்ளியன்று பப்களைத் திறக்க விடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

அயர்லாந்தைக் கேளுங்கள்! 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே புனித வெள்ளியன்று பப்புக்குப் பூட்டு. முதல் நாள் வியாழன் மாலையே, தள்ளுவண்டி நிறைய பீர் பெட்டிகளோடு சூப்பர் மார்க்கெட்டில் வரிசை கட்டி நின்றார்கள். பூட்டியது கடையைத்தான், தாகத்தை அல்ல! 2010-ல் லிமெரிக் நகரில் அன்றைக்கு ரக்பி போட்டி. நீதிமன்றமே பப்களைத் திறக்க அனுமதி கொடுத்தது. 2018-ல் தடையே நீங்கியது.

சரியான முடிவு. திறந்த கதவைத் தாண்டிப் போவதுதான் நோன்பு.

ஆனால் கிறிஸ்துமஸ் அன்று இன்றும் அங்கே பப்புக்கு விடுமுறை. ஊற்றிக் கொடுப்பவர் வீட்டிலும் பண்டிகை உண்டே! அந்த ஒரு நாளை யாரும் பறித்துவிட வேண்டாம்.